விதி எழுதும் கை

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான ஐ.இ.டி.எஃப்.பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முன்மொழிவின் மேல் விவாதம் ஓய்ந்ததும் கூட்டத்தை நடத்துபவர், இதை ஏற்பவர்கள் ஒலி எழுப்பலாம் என்பார். யாரும் கை தூக்குவதில்லை, சீட்டு எழுதிப் போடுவதில்லை. வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள் ‘ம்ம்ம்’ என்று இழுக்கிறார்கள். அடுத்து ஏற்காதவர்களின் முறை. இன்னொரு ‘ம்ம்ம்’. எது கனமாக ஒலித்தது என்பதை நடத்துபவர் காதாலேயே கணிக்கிறார். அத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. எதிர்த்தவர்கள் நாலைந்து பேர்தான் என்றாலும் அவர்கள் சொன்ன தொழில்நுட்பக் காரணத்துக்குப் பதில் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். 1992இல் நடந்த ஒரு கூட்டத்தில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் கிளார்க் இந்த முறையின் சாரத்தைச் சொன்னார்: அரசர்கள் வேண்டாம், அதிபர்கள் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம், ஏறத்தாழ ஓர் உடன்பாடும், ஓடிக் காட்டுகிற நிரலும் போதும். உலகின் தகவல் போக்குவரத்தில் பெரும்பகுதி இப்படி முனகி முடிவெடுத்த விதிகளின் மேல்தான் இன்றும் ஓடுகிறது.

இது என்ன அரசியல்? சாமானியனுக்கும் சம மதிப்புத் தருகிற ஜனநாயகம் என்று சொல்லலாம். விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து நடத்தும் ஆட்சி என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது.

நிரலாளர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தவர்கள் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கட்சிப் பெயர்களை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பெரிய மென்பொருள் நிறுவனங்களின் ஊழியர்கள் தரும் தேர்தல் நன்கொடையில் பெரும்பகுதி ஜனநாயகக் கட்சிக்குப் போகிறது. ஆகவே இடது என்கிறார்கள். அரசு எதிலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்னும் லிபர்டேரியன் குரலும் அதே கூட்டத்திலிருந்து நெடுங்காலமாக உரக்கக் கேட்கிறது. ஆகவே வலது என்கிறார்கள். சென்னையில் கேட்டால், ‘நமக்கெதுக்குங்க அரசியல்’ என்று நகர்ந்துவிடுபவர்கள்தான் அதிகம். மூன்று பதிலும் உண்மை என்றே நினைக்கிறேன். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே மனப்பழக்கம். அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நிரல் தீர்மானிப்பதில்லை. தன் காலுக்குக் கீழே இருக்கும் தரையை யார் போட்டார்கள் என்று அந்த மனிதர் எப்போதாவது குனிந்து பார்த்தாரா என்பதே தீர்மானிக்கிறது.

அந்த மனப்பழக்கத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நிரல் எழுதுகிறவர் நாள் முழுவதும் விதி எழுதுகிறார். இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய். எழுதி முடித்த மறுகணம் அந்த விதி அமலுக்கு வந்துவிடுகிறது. கெஞ்ச வேண்டியதில்லை, ஆள் பிடிக்க வேண்டியதில்லை, சிபாரிசுக் கடிதம் தேவையில்லை. தவறு இருந்தால் எந்த வரியில் என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் சொல்லிவிடும். எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், என்ன சாதி என்று அது விசாரிப்பதில்லை. தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக அப்பாவோடு நாலு முறை அலைந்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த ஒரு பையனுக்கு, வாழ்க்கையில் சந்திக்கும் முதல் பாரபட்சமற்ற நீதிபதி அந்தக் கறுப்புத் திரையாக இருக்கக்கூடும். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. இத்துறைக்கு வந்த பலருடைய சுயமரியாதை அந்தத் திரையின் முன்னால்தான் முளைத்தது.

அதே பழக்கம் ஒரு பொறுமையின்மையையும் வளர்க்கிறது. பகலெல்லாம் சொன்னவுடன் கேட்கிற இயந்திரத்தோடு இருந்துவிட்டு வெளியே வந்தால், பேச்சுவார்த்தை, சமரசம், தள்ளிவைப்பு, மனு, மறுமனு என்று போகும் பொதுவாழ்க்கை அவருக்குப் பழுதுபட்ட நிரல்போலத் தெரிகிறது. யாராவது உட்கார்ந்து ஒழுங்காகத் திருப்பி எழுதினால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. இந்த எண்ணம் ஒரு புரட்சிக்காரருக்கும் வரலாம், ஒரு சர்வாதிகாரியின் ரசிகருக்கும் வரலாம்.

இதன் ஒரு கிளை எப்படி வளர்ந்தது என்பதற்கு எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வகத்து அச்சு இயந்திரத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லத் தகுந்த கதைதான். அங்கே இருந்த பழைய இயந்திரத்தில் தாள் அடிக்கடி சிக்கும். இயந்திரம் ஒரு மாடியில், ஆட்கள் வேறு மாடியில். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை எடுக்கப் போனால் நாலு பக்கத்தோடு நின்றிருக்கும். ரிச்சர்டு ஸ்டால்மன் அதன் மூலநிரலுக்குள் போய் ஒரு சிறு மாற்றம் செய்தார்: தாள் சிக்கினால், வரிசையில் காத்திருப்பவர்கள் எல்லோருடைய திரைக்கும் செய்தி போகும். யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சரிசெய்வார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் இயந்திரம் ஒன்றைக் கொடுத்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் மூலநிரல் வரவில்லை. அது கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பதாகத் தெரிந்து ஸ்டால்மன் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

அந்த மறுப்பில் ஸ்டால்மன் கண்டது ஒரு தனிமனிதரின் முரட்டுத்தனத்தை அல்ல. தன் ஆய்வகத்தில் நடக்கும் காரியத்துக்கான விதியை வேறெங்கோ யாரோ எழுதிப் பூட்டிவைக்க முடியும் என்பதைக் கண்டார். 1983இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பிறந்தது. 1989இல் ஜி.பி.எல். என்னும் உரிமம் வந்தது. பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே பதிப்புரிமையின் கதவைத் திறந்துவைக்கும் ஏற்பாடு அது: இந்த நிரலை எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய்; ஆனால் நீ யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கும் மூலநிரலையும் இதே உரிமையையும் கொடுத்தாக வேண்டும். சட்டத்தை மீறாமல், சட்டசபைக்கும் போகாமல், ஒரு நிரலாளர் தன் கையில் இருந்த ஒரே கருவியான விதி எழுதும் திறமையைக் கொண்டு சொத்துறவை மாற்றி எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் பெரும் அரசியல் ஆவணங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் அந்த உரிமத்துக்கு அதில் இடம் கொடுப்பேன்.

பின்லாந்தில் ஒரு மாணவர் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் மறுவருடம் அந்த உரிமத்தின் கீழ் வந்தது. அந்த மாணவரின் தந்தை நில்ஸ் டோர்வால்ட்ஸ் இளமையில் கம்யூனிஸ்ட். மாஸ்கோவில் படித்துவிட்டு வந்தவர். மகன் லீனஸுக்கோ கொள்கை முழக்கங்களில் நாட்டமில்லை. நல்ல பொறியியல் இப்படித்தான் நடக்கும் என்பதே அவருடைய வாதம். அந்த உரிமத்தை அவர் தேர்ந்ததற்கும் காரணம் அதுதான். அடுத்து வந்தார் எரிக் ரேமண்ட். துப்பாக்கி உரிமைக்காகவும் தடையற்ற சந்தைக்காகவும் வெளிப்படையாக வாதாடும் லிபர்டேரியன். 1997இல் அவர் எழுதிய ‘கதீட்ரலும் பஜாரும்’ என்ற கட்டுரை, இதே லினக்ஸ் சமூகத்தைப் பார்த்துவிட்டு, மேலிருந்து யாரும் ஆணையிடாமல் சந்தைபோலத் தானாக ஒழுங்குபடும் அற்புதம் இது என்று விளக்கியது. மறுவருடமே கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் சிலர் கூடி, இந்த இயக்கத்தை நிறுவனங்களிடம் கொண்டுபோக அதன் அறப்பேச்சு இடைஞ்சல் என்று முடிவுசெய்து ஓப்பன் சோர்ஸ் என்ற பதாகையைப் பிடித்தார்கள்.

ஒரே நிரல், ஒரே உரிமம். ஒருவர் அதில் பொதுவுடைமையைக் கண்டார், இன்னொருவர் நல்ல வேலைப்பாட்டைக் கண்டார், மூன்றாமவர் கலப்படமற்ற சந்தையைக் கண்டார். 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று வசைபாடியவர் மைக்ரோசாஃப்ட்டின் தலைமை அதிகாரி. 2018இல் அதே நிறுவனம் 750 கோடி டாலர் கொடுத்துக் கட்டற்ற நிரல்களின் மிகப் பெரிய கிடங்கான கிட்ஹப்பை வாங்கியது. ரேமண்டின் கணக்குப்படி இது வெற்றி. ஸ்டால்மனின் கணக்குப்படி என்னவென்று வாசகர் ஊகிக்கலாம்.

கேரளம் இதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டது. 2001இல் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்தபோதுதான் இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதிக்குள் மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் குனு/லினக்ஸுக்கு மாறின. ஆசிரியர் சங்கங்களும் இடதுசாரி அமைப்புகளும் நிரலாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் நடந்த காரியம் அது. அமெரிக்காவில் தனிமனிதரின் பிடிவாதமாகத் தொடங்கியதை இங்கே பொதுக்கல்வியின் கேள்வியாக மாற்ற முடிந்திருக்கிறது. தரை வேறு, பயிரும் வேறாக விளைந்தது.

மறைகுறியாக்கத்தின் கதை இன்னும் கூர்மையானது. கொலராடோவில் பில் ஜிம்மர்மன் என்றொரு நிரலாளர். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர், மறியலில் கைதானவர். தன்னைப் போன்ற இயக்கத்தவர்களின் கடிதங்களை அரசு படிக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று 1991இல் பி.ஜி.பி. என்ற நிரலை எழுதி இலவசமாக வெளியிட்டார். வலுவான மறைகுறியாக்கம் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் போர்த்தளவாடங்களோடு சேர்த்தி. உரிமமில்லாமல் அது எல்லை தாண்டியது என்று 1993இல் அவர்மேல் குற்ற விசாரணை தொடங்கியது. மூன்று வருடம் இழுத்தது. அதற்கிடையில், 1995இல், எம்.ஐ.டி. பதிப்பகம் அந்த நிரல் முழுவதையும் அச்சடித்த புத்தகமாகக் கொண்டுவந்தது. வட்டில் போனால் ஆயுதம், தாளில் போனால் பேச்சுரிமை. வெளிநாட்டில் வாங்கியவர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து மறுபடியும் நிரலாக்கிக்கொள்ளலாம். 1996 தொடக்கத்தில் அரசு வழக்குத் தொடராமலே விசாரணையைக் கைவிட்டது.

ஜிம்மர்மனின் நிரலைக் கொடியாகப் பிடித்தவர்களில் முதன்மையானவர்கள் சைஃபர்பங்க் குழுவினர். 1992இல் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கூடியவர்கள். அவர்களில் ஒருவரான டிம் மே, இன்டெல்லில் இயற்பியலாளராக இருந்து முப்பத்து நாலு வயதிலேயே வேலையை விட்டவர். 1988இல் அவர் எழுதிய அறிக்கை கம்யூனிஸ்ட் அறிக்கையின் தொடக்கத்தைப் போலவே தொடங்கும். அது போய்ச் சேரும் இடம் நேரெதிரானது: அரசால் வரி போட முடியாத, எட்டிப் பார்க்க முடியாத சந்தை. ஜிம்மர்மன் அஞ்சியது குண்டு வைத்திருக்கும் அரசை. மே வெறுத்தது வரி கேட்கும் அரசை. இருவருக்கும் ஒரே கணிதம் போதுமானதாக இருந்தது. 2009 ஜனவரியில், அந்த மரபில் வந்த இணைய நாணயமான பிட்காயினின் முதல் தொகுதிக்குள் அதை உருவாக்கியவர் வங்கிகளை அரசு மீட்பது பற்றிய லண்டன் நாளேட்டின் தலைப்புச் செய்தி ஒன்றைப் பொதித்துவைத்தார். அந்த வரியில் வங்கி எதிர்ப்பு இருக்கிறதா, அரசு எதிர்ப்பு இருக்கிறதா என்று இரண்டு தரப்பும் தத்தம் விருப்பப்படி வாசித்துக்கொள்கிறது.

இங்கேதான் தரையைப் பற்றிப் பேச வேண்டும். அரசே வேண்டாம் என்று இணையத்தில் எழுதியவர்கள் நின்றிருந்த தரை அரசு போட்டது. 1969இல் ஆர்பாநெட்டின் முதல் கணினிகளை இணைத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணம். எம்.ஐ.டி. ஆய்வகமும் பெருமளவு அந்தத் துறையின் பணத்தில்தான் இயங்கியது. ஸ்டால்மன் நினைவுகூரும் அந்தப் பூட்டில்லாத கதவுகளின் சொர்க்கத்துக்கு வாடகை கட்டியது பெண்டகன். 1996இல் டாவோஸ் நகரிலிருந்து ஜான் பெரி பார்லோ இணையவெளியின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதினார். உலக அரசுகளே, எங்களை விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய வருடமே பிரிட்டனில் ரிச்சர்டு பார்புரூக்கும் ஆண்டி கேமரனும் எழுதிய ‘கலிபோர்னியச் சித்தாந்தம்’ கட்டுரை இந்த மறதியைத் துல்லியமாகப் பிடித்திருந்தது. ஹிப்பிகளின் விடுதலைக் கனவும் சந்தை மீதான பக்தியும் அந்த ஊரில் சம்பந்தம் செய்துகொண்டன. பொதுப்பணத்தைப் பற்றி இரு வீட்டாரும் வாய் திறக்கவில்லை.

தொழில்நுட்ப நிறுவனங்களைத் தொடங்கியவர்களைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதோடு பொருந்துகிறது. பணக்காரர்கள் கூடுதல் வரி கட்ட வேண்டும், ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், தற்பாலின மணம் வேண்டும் என்பதிலெல்லாம் அவர்கள் ஜனநாயகக் கட்சியினரைப் போலவே இருக்கிறார்கள். தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம், தொழிலாளர் சங்கம் என்று வந்ததும் குடியரசுக் கட்சிப் பக்கம் போய்விடுகிறார்கள். கொடுக்க மனம் இருக்கிறது. கட்டுப்பட மனம் இல்லை. விதி எழுதிப் பழகிய கைக்குத் தன்மேல் இன்னொருவர் எழுதும் விதி உறுத்துகிறது.

இந்த மறதிக்கு நம் ஊரில் தகுதி என்று பெயர். சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் ஒரு மதிய உணவு நேரத்தில் இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தபோது ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார்: ‘சார், கோடு எழுதத் தெரியுமா தெரியாதா, அவ்வளவுதான் கேள்வி. மத்ததெல்லாம் எதுக்கு?’ அவர் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துக்காரர். வீட்டில் முதல் பட்டதாரி. நல்ல பையன், கெட்டிக்காரர். அவருக்கு நான் சொல்ல விரும்பியதை இங்கே எழுதுகிறேன். தம்பி, 1997இல் தமிழக அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. 69 சதவீத இட ஒதுக்கீட்டை நாடாளுமன்றம் 1994இல் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. பொறியியல் நுழைவுத்தேர்வை 2007இல் ஒழித்தார்கள். பயிற்சி மையம் இல்லாத ஊர்ப் பிள்ளைகள் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு கவுன்சலிங்கில் உட்கார முடிந்தது அதனால்தான். 2010இல் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. உங்கள் முன்னால் இருந்த கறுப்புத் திரை பாரபட்சம் பார்க்கவில்லை என்பது உண்மை. அந்தத் திரையின் முன்னால் போய் உட்கார ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. அந்த நாற்காலியைப் போட்டது கட்டுக்கட்டாக அரசியல்.

மேலே உள்ளவர்களுக்கு இந்த மறதி இன்னும் ஆழமானது. மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து எழுதி 2019இல் வெளியான ‘தகுதியின் சாதி’ என்னும் நூல், சாதிவழி வந்த சாதகங்கள் எப்படித் தனிமனித அறிவுத்திறனாக உடை மாற்றிக்கொள்கின்றன என்பதைக் காட்டியது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடும் நம் வரிப்பணத்தோடும் 1959இல் உருவான நிறுவனம் அது. அங்கிருந்து கலிபோர்னியாவுக்குப் போனவர்கள் தங்களைச் சுயம்புகளாகவே கருதினார்கள். 2020இல் கலிபோர்னிய அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மேல் சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடர்ந்தபோது, நம்மவர்கள் பலர் அந்த நாட்டில் சாதியா என்று அதிர்ந்தார்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. தனிப்பட்ட இரு பொறியாளர்களின் பேரிலான வழக்கை அரசுத் துறை 2023இல் விலக்கிக்கொண்டது. வழக்கின் போக்கு எதுவானாலும் கேள்வி மேசைக்கு வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே வருடம் கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவை ஆளுநர் மறுத்தார். அமெரிக்க லிபரல் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இந்திய நிரலாளர் அந்த மசோதாவுக்கு எந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டார் என்பது அவருடைய நன்கொடைப் பட்டியலைவிட எனக்கு அதிகம் சொல்லும்.

தரை ஆடும்போதுதான் பலரும் குனிந்து பார்க்கிறார்கள். 2014 கடைசியில் டி.சி.எஸ்.சில் ஆட்குறைப்பு என்ற செய்தி பரவியபோது ஓ.எம்.ஆர். முழுவதும் ஓர் அச்சம் இறங்கியது. எட்டுப் பத்து வருட அனுபவத்தோடு, வீட்டுக் கடனோடு இருந்தவர்கள் எச்.ஆர். அறைக்கு அழைக்கப்பட்டார்கள். ஆண்டுதோறும் அப்ரைசலில் ஒரு மணி வடிவ வளைகோடு போட்டு, எத்தனை பேர் நன்றாக வேலை செய்திருந்தாலும் இத்தனை பேர் கடைசிப் பிரிவில் விழுந்தே தீர வேண்டும் என்று கணக்கிடும் முறை இத்துறையில் பரவலாக இருந்தது. அந்த வளைகோடும் ஒரு நிரல்தான். நிபந்தனையும் விளைவும் கொண்ட விதி. இம்முறை அதற்குள் உள்ளீடாகப் போனவர்கள் நிரலாளர்கள். மூலநிரலைக் காட்டு என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்தின் முன் ஸ்டால்மன் நின்ற அதே இடம்.

அப்போது இரண்டு அமைப்புகள் முன்னுக்கு வந்தன: எஃப்.ஐ.டி.இ. என்னும் ஐ.டி. ஊழியர் மன்றமும், புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணியின் ஐ.டி. ஊழியர் பிரிவும். முதலாவதன் வேர் 2008இல் இருக்கிறது. ஈழத்தில் போர் உச்சத்துக்குப் போனபோது சென்னையின் ஐ.டி. ஊழியர்கள் சிலர் தமிழர்களைக் காக்கச் சொல்லித் தெருவுக்கு வந்தார்கள். ஆட்குறைப்பின்போது நோட்டீஸ் அடிக்கவும் வழக்கறிஞரைப் பிடிக்கவும் தெரிந்திருந்தவர்கள் அவர்கள்தான். சங்கம் என்பது திடீரென்று முளைப்பதில்லை. வேறொரு துயரத்துக்காக ஏற்கெனவே கூடியவர்கள் அதைக் கட்டுகிறார்கள். 2015 ஜனவரியில் கருவுற்றிருந்த ஓர் ஊழியரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கச் சட்டத்தில் தடையில்லை என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. ஐ.டி. என்றால் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று அதுவரை பெரும்பாலான ஊழியர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் அப்படிச் சட்டம் காட்டியதில்லை. தாங்கள் தொழிலாளர்கள் அல்ல என்ற நம்பிக்கை மட்டுமே அதற்கு ஆதாரம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ஓ.எம்.ஆர். ஓரத்தில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற ஊழியர்களில் எத்தனை பேர் பின்னர் சங்கத்தில் சேர்ந்தார்கள்? சிலர்தான். உணர்ச்சிக்குக் கூடுவது எளிது. மாதச் சந்தா கட்டுவது கடினம்.

வாக்கெடுப்பு வேண்டாம் என்றவர்கள் வாக்கெடுப்புக்கு வந்த கதையும் ஒன்றுண்டு. பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசமுக்கு, ஆயுட்கால நல்ல சர்வாதிகாரி என்ற பட்டம் 1995 முதல் இருந்தது. எந்தச் சர்ச்சையிலும் கடைசிச் சொல் அவருடையது. 2018இல், முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த ஒரு குறியீட்டை மொழியில் சேர்க்கலாமா என்ற விவாதம் அவரைக் களைக்கவைத்துவிட்டது. முன்மொழிவை ஏற்றார்; ஜூலையில் பதவியை விட்டார்; வாரிசு எவரையும் நியமிக்கவில்லை. உங்கள் ஆட்சிமுறையை நீங்களே முடிவுசெய்யுங்கள் என்றார். மொழியின் மைய நிரலாளர்கள் ஏழு அரசமைப்பு வரைவுகளை எழுதினார்கள். இன்னொரு சர்வாதிகாரி, மூவர் குழு, வெளியார் குழு என்று பலவகை. டிசம்பரில் வாக்களித்து, ஐவர் கொண்ட, தேர்தலில் வரும் வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தார்கள். லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைத் தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் திட்டம் இதை 1998லேயே செய்துவிட்டது. எழுத்துபூர்வ அரசமைப்பும், ஆண்டுதோறும் தலைவர் தேர்தலும், வேட்பாளர்களை வரிசைப்படுத்தும் வாக்குச்சீட்டும், அதில் எவரும் வேண்டாம் என்ற தெரிவும் அங்கே உண்டு. சம்பளமோ எச்.ஆரோ இல்லாத இடத்தில், பிடிக்கவில்லையென்றால் நிரலை எடுத்துக்கொண்டு வெளியேற எவருக்கும் உரிமை இருந்த இடத்தில், நிரலாளர்கள் தாமாகவே பொறுமையான ஜனநாயகத்தை வந்தடைந்தார்கள். இத்துறையைப் பற்றி எனக்கு நம்பிக்கை தரும் செய்திகளில் இது முக்கியமானது.

இவற்றையெல்லாம்விட நான் மதிக்கும் அரசியல் கணினி அறிவியலாளர் டேவிட் பர்னாஸுடையது. 1985. எதிரியின் ஏவுகணைகளைத் தடுக்க அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்த விண்வெளிக் கவசத் திட்டத்துக்கு ஆலோசனை சொல்லும் கணினிக் குழுவில் அவர் உறுப்பினர். நாளொன்றுக்கு 1,000 டாலர் ஊதியம். அவர் சமாதான இயக்கத்தவர் அல்ல. அமெரிக்கக் கடற்படையின் ஏ-7 விமானத்துக்கான மென்பொருளில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர். குழுவிலிருந்து விலகினார், விலகல் கடிதத்தோடு எட்டுச் சிறு கட்டுரைகளை இணைத்தார். வாதம் மிக எளிமையானது. மென்பொருள் முதல் முறையே சரியாக வேலை செய்வதில்லை. பயன்பாட்டில் பிழை தெரிந்து, திருத்தித் திருத்தித்தான் நம்பகமாகிறது. இந்தக் கவசத்தை உண்மையான தாக்குதலில் ஒரே முறைதான் ஓட்டிப் பார்க்க முடியும். எதிரியின் ஏவுகணைகள் எப்படியிருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. போரின் நடுவே உட்கார்ந்து பிழை திருத்த நேரமும் இருக்காது. ஆகவே இதை நம்பலாம் என்று எவராலும் ஒருபோதும் சொல்ல முடியாது. பணம் தருகிறார்கள், ஆய்வு வளரும் என்பதற்காக இதில் இருப்பது நேர்மையல்ல. அவ்வளவுதான்.

அவர் இடதா வலதா என்று அந்தக் கட்டுரைகளைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. தன் கைவேலையின் எல்லை தெரிந்த ஒருவர், அந்த எல்லைக்கு அப்பால் வாக்குறுதி தர மறுக்கிறார். நிரல் சொன்னவுடன் கேட்கும் என்ற மயக்கத்துக்கு நேரெதிரான அறிவு அது. நிரல் கேட்காமல் போகும் இடங்களை ஆயிரம் முறை பார்த்த அனுபவத்திலிருந்து வருவது. அந்த அனுபவம் எல்லா நிரலாளருக்கும் இருக்கிறது. அதைப் பொதுவில் சொல்லும் வழக்கம்தான் இல்லை.

2018இல் கூகுளில் அது கொஞ்சம் நடந்தது. பெண்டகனின் ட்ரோன் படங்களை அலசும் மேவன் திட்டத்துக்கு எதிராக 3,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள், சிலர் வேலையை விட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டோம் என்று நிறுவனம் ஜூனில் அறிவித்தது. 2023 ஜனவரியில் அதன் தாய் நிறுவனம் 12,000 பேரைக் குறைத்தது. 2024 ஏப்ரலில் இஸ்ரேலிய அரசோடான நிம்பஸ் ஒப்பந்தத்தை எதிர்த்து அலுவலகத்துக்குள் உட்கார்ந்தவர்கள் உட்பட ஏறத்தாழ 50 பேர் நீக்கப்பட்டார்கள். 2025 பிப்ரவரியில், ஆயுதங்களுக்குச் செயற்கை அறிவைப் பயன்படுத்தமாட்டோம் என்று 2018இல் தந்த உறுதிமொழியைத் தன் கொள்கை அறிக்கையிலிருந்து நிறுவனம் எடுத்துவிட்டது. ஆள் கிடைக்காத காலத்தில் ஊழியரின் மனசாட்சிக்கு விலை இருந்தது. ஆள் மலிந்ததும் அது போய்விட்டது. இப்போது நிரலையே இயந்திரம் எழுதத் தொடங்கியிருக்கிறது. விதி எழுதும் கை என்ற பெருமிதம் இன்னும் எத்தனை காலம் இவர்களுக்கு மிஞ்சும் என்பது திண்டிவனத்து இளைஞரின் கவலையும்தான்.

நம் பொறியியல் கல்லூரிகளில் தொழில் அறம் என்றொரு தாள் உண்டு. பல இடங்களில் அது தேர்வுக்கு முந்தைய நாள் புரட்டும் தாள். மூன்றாம் ஆண்டு கணினி மாணவர்களுக்கு அதில் பர்னாஸின் எட்டுக் கட்டுரைகளையும் ஜி.பி.எல். உரிமத்தையும் 1926இன் தொழிற்சங்கச் சட்டத்தையும் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். மூன்றையும் தமிழில் உட்கார்ந்து பேசலாம். கணிதம் ஏதும் தேவையில்லை. ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம்.